பல்பின் விலையைக் கொண்டு கூலியை அளக்காதீர்கள்

“லைட்டே இருநூறு ரூபாய்தான். அதை மாட்ட முந்நூறா? பகல் கொள்ளையா இருக்கே!”

இப்படி ஒரு முறையாவது சொல்லாத வீடு நம் ஊர்களில் அநேகமாக இருக்காது. அடுக்ககத்து வாட்ஸ்அப் குழு, கிரகப்பிரவேசப் பந்தி, எலக்ட்ரிக்கல் கடை வாசல் என்று எங்கே பேச்சு வந்தாலும், எலக்ட்ரீஷியன் கூலி அநியாயம் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. சொல்லும் காரணமும் எங்கும் ஒன்றுதான். பத்து நிமிட வேலை, இரண்டு ஒயரைச் சேர்த்து டேப் சுற்றுவதற்குப் பொருளின் விலையைவிட அதிகமாகக் கேட்கிறார்கள் என்பார்கள்.

இந்தக் கருத்து தவறு. தவறு என்று சொல்லி நகர்ந்துவிடவும் முடியாது. இதை நம்பித்தான் நாம் கூலியில் நூறு குறைக்கிறோம், குறைந்த கூலிக்கு வருகிறவரைத் தேடுகிறோம், அவரும் கிடைக்காவிட்டால் நாமே ஸ்டூல் போட்டு ஏறுகிறோம். இதன் விலையை வீட்டில் இருக்கும் குழந்தையும் வயதானவர்களும் கொடுக்க நேரிடலாம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பொருளின் விலையையே எடுத்துக்கொள்வோம். குறைந்த விலையில் எல்.இ.டி. பல்பு தரும் மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன்பே, 2014இன் தொடக்கத்தில், அரசுத் தரப்பில் ஒரு எல்.இ.டி. பல்பு 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்யப்பட்டது. 2016இல் அதே கொள்முதல் விலை 40 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியதும், ஆலைகளில் உற்பத்தி பெருகியதும் இதைச் சாதித்தன. நல்ல விஷயம்தான். ஆனால் ஏணியில் ஏறி விளக்கை மாட்டும் மனிதருடைய வேலையை எந்த ஆலையும் மொத்தமாகத் தயாரித்துத் தள்ள முடியாது. அவர் வீட்டு வாடகை குறையவில்லை, அரிசி விலை குறையவில்லை, வண்டிக்குப் போடும் பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. பல்பின் விலை சரிந்ததால் பக்கத்தில் நிற்கும் கூலி பெரிதாகத் தெரிகிறது. விளக்கு முந்நூறுக்கு மேல் விற்ற காலத்தில் கூலி பொருளின் விலைக்குள் அடங்கியிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. இன்றும் அதே ஏணி, அதே உயரம், அதே 230 வோல்ட். பொருளின் விலையோடு கூலியை ஒப்பிடுவதே தப்புக் கணக்கு. டாக்டர் எழுதிய மாத்திரை பத்து ரூபாய் என்பதற்காக அவர் ஃபீஸைப் பத்து ரூபாயாக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

அடுத்து அந்தப் பத்து நிமிடம். உங்கள் கண்ணில் படுவது ஏணிமேல் நிற்கும் நேரம் மட்டும். உங்கள் போன் வந்ததும் இன்னொரு வேலையை முடித்துக்கொண்டு, கடையில் நின்று திருகாணியும் கிளிப்பும் வாங்கி, போக்குவரத்து நெரிசலில் வந்து, செக்யூரிட்டியிடம் பேர் எழுதி, மாடி ஏறி வந்திருக்கிறார். வீட்டுக்கு வீடு போய்ச் செய்யும் சில்லறை வேலையில் ஒரு நாளைக்கு நான்கு வீடு கிடைத்தால் அது நல்ல நாள். ஒரு வீட்டுக்கு முந்நூறு என்று வைத்தாலும் ஆயிரத்து இருநூறு. அதில் பெட்ரோல் போகும், ஏணி பிடிக்க வந்த கையாளுக்குப் பங்கு போகும், டிரில்லிங் மெஷினின் பிட்டும் கார்பனும் தேய்ந்து மாற்றும் செலவு போகும். மழை நாளில் வேலை இல்லை. வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் சம்பளத்தோடு விடுப்பும் கிடையாது. ஏணியிலிருந்து விழுந்து கால் ஒடிந்தால் மூன்று மாதம் வீட்டில் உலை வைப்பது கடினம். இத்தனையையும் தாங்க வேண்டிய தொகைதான் அந்த முந்நூறு. மாதச் சம்பளத்தில் இருக்கும் நாம், விடுப்பு நாளுக்கும் சேர்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அவருடைய பத்து நிமிடத்தை மட்டும் கடிகாரம் பார்த்து அளக்கிறோம். இது நியாயமே இல்லை.

நேரத்தைவிட முக்கியமானது, அந்த நேரத்தில் அவர் என்ன பார்க்கிறார் என்பது. பல வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். புதிதாக எல்.இ.டி. மாட்டியிருப்பார்கள்; சுவிட்சை அணைத்த பிறகும் இருட்டில் அது மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். “லைட்டு சரியில்லை” என்று கடைக்குத் தூக்கிப் போவார்கள். கடைக்காரரும் மாற்றிக் கொடுப்பார். மாற்றி மாட்டினாலும் அதே மங்கல் வெளிச்சம். காரணம் பல நேரம் விளக்கில் இருக்காது. சுவிட்சுக்கு ஃபேஸ் ஒயர் வர வேண்டும், நியூட்ரல் நேராக விளக்குக்குப் போக வேண்டும். யாரோ இதைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். அப்போது சுவிட்சை அணைத்தாலும் விளக்கு வரைக்கும் ஃபேஸ் வந்து நின்றுகொண்டே இருக்கும். சிறு கசிவே எல்.இ.டி.யை மினுக்கப் போதும். பழைய குண்டு பல்பில் இது தெரியவே தெரியாது. தெரியாமல்தான் பல வருடங்கள் ஓடியிருக்கும். இந்த மினுக்கலுக்கு வேறு காரணங்களும் உண்டு. சுவிட்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் விளக்கும் இதைச் செய்யும், ஒரே பைப்பில் நெடுந்தூரம் சேர்ந்து ஓடும் ஒயர்களும் செய்யும். எது காரணம் என்று டெஸ்டரையும் மீட்டரையும் வைத்துப் பிரித்துச் சொல்வதுதான் தொழில். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஹோல்டரில் கை வைக்கிறவரை, நியூட்ரலில் போட்ட சுவிட்ச் காப்பாற்றாது.

இன்னொன்றும் உண்டு. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் அடிக்கடி விளக்கு போகும். ஒரு அறையில் வெளிச்சம் திடீரென்று கூடும், இன்னொரு அறையில் குறையும். குறைந்த கூலிக்காரர் வந்து, போன விளக்கைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போய்விடுவார். வேலை தெரிந்தவர் முதலில் வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டி.பி. பாக்ஸைத் திறந்து மெயின் நியூட்ரலைப் பார்ப்பார். அது தளர்ந்திருந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் வந்துவிடலாம். விளக்கு போனது அறிகுறி மட்டும்தான். அடுத்து ஃபிரிட்ஜும் டி.வி.யும் போகும். ஒரு திருகாணியை முறுக்கிவிட்டு ஐந்நூறு கேட்டார் என்று அவரைத் திட்டும் வீட்டுக்காரர், முன்னால் வந்தவருக்கு மூன்று முறை கொடுத்த கூலியையும் மூன்று விளக்கின் விலையையும் கூட்டிப் பார்ப்பதே இல்லை.

ஒயர் ஓடும் வழியை முன்பு கண்ணால் பார்க்க முடிந்தது. பழைய வீடுகளில் சுவரின் மேல் மரப்பட்டை ஓடும், அதன்மேல் கிளிப் அடித்து ஒயர் ஓடும். எங்கிருந்து எங்கே போகிறது என்று வீட்டுக்காரரே விரலால் காட்டுவார். இன்று எல்லாமே கன்சீல்டு. கான்கிரீட் போடும்போதே தளத்துக்குள் பைப் புதைந்துவிடுகிறது. சிமெண்ட் பால் உள்ளே இறங்கி பைப் அடைத்துக்கொண்டால், ஸ்பிரிங் விட்டு ஒயர் இழுக்கும்போதுதான் அது தெரியவரும். எந்தப் பைப் எங்கே போகிறது என்ற வரைபடத்தை எந்த பில்டரும் வீட்டுச் சாவியோடு சேர்த்துத் தருவதில்லை. வீடு வாங்குகிற நாமும் கேட்பதில்லை. கார் நிறுத்தும் இடத்துக்கும் மாடியிலிருந்து தெரியும் காட்சிக்கும் பேரம் பேசினோம். ஒயரிங் வரைபடம் ஒன்று இருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றவில்லை. பத்து வருடம் கழித்து வந்து நிற்கும் எலக்ட்ரீஷியன், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அனுபவத்தால் ஊகித்துத் துளை போடுகிறார். டிரில் பிட் உள்ளே ஓடும் ஒயரைக் கிழித்தால் பழி அவருக்குத்தான். இந்தக் கஷ்டத்தை உண்டாக்கியது பில்டரின் சிக்கனமும் நம் அலட்சியமும். இதற்கான கட்டணத்தை அவர் கேட்கும்போது மட்டும் நமக்குக் கசக்கிறது.

இனி எர்த் பற்றி. என் மனதில் மிகப் பெரிதாக நிற்பது இதுதான். இரும்புத் தகட்டால் செய்த ஃபிட்டிங்கைப் பிரித்தால் உள்ளிருந்து மூன்று ஒயர் வரும். பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த்; தகட்டில் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டு போவது இதுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் பிளக் பாயிண்டுக்கு எர்த் கொண்டு வந்திருப்பார்கள், லைட் பாயிண்டுக்குக் கொண்டு வந்திருக்க மாட்டார்கள். பாயிண்டுக்கு ஒரு ஒயர் மிச்சம் என்று கட்டும்போதே விட்டிருப்பார்கள். அந்தப் பச்சை ஒயரை அப்படியே வெட்டி டேப் சுற்றி உள்ளே தள்ளினால் வேலை பத்து நிமிடத்தில் முடியும். விளக்கும் எரியும், வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. பக்கத்து பிளக் பாக்ஸிலிருந்து எர்த் இழுத்து வந்து சேர்த்தால் ஒரு மணி நேரம் ஆகும், கூலியும் ஏறும். நாம் பத்து நிமிடக் கணக்குப் பேசும்போது, அந்தப் பச்சை ஒயரை வெட்டச் சொல்லித்தான் அவரிடம் மறைமுகமாகச் சொல்கிறோம்.

வாசல் கேட் விளக்கில் இது இன்னும் மோசம். காம்பவுண்டுச் சுவர்த் தூணின்மேல் அழகாக ஒரு விளக்கு, கீழே இரும்புக் கேட், ஐப்பசி கார்த்திகையில் அடை மழை. விளக்கின் கூட்டுக்குள் தண்ணீர் இறங்கினால், ஈரச் சுவர் வழியாகவும் கம்பி வழியாகவும் மின்சாரம் கேட்டுக்கே வந்துவிடலாம். காலையில் பால் பாக்கெட் எடுக்க வெறுங்காலோடு போகிறவர் அந்தக் கேட்டில் கை வைப்பார். மழையும் தூசியும் புகாத ஐ.பி. 65 தரத்து விளக்கா, ஒயர் நுழையும் துளை அடைத்திருக்கிறதா, கூட்டுக்கு எர்த் உண்டா என்று பார்க்கிறவருக்குக் கூடுதலாக இருநூறு கொடுப்பதைக் கொள்ளை என்றா சொல்வது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கில் மின்சாரம் தாக்கிச் சாகிறவர்கள் இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கும் மேல். அதில் அறுந்து விழுந்த கம்பியும் வயல்வெளி விபத்தும் அடக்கம்தான். ஆனால் வீட்டுச் சுவரும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

“எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கு, அது விழுந்துடும்” என்று பலர் தைரியமாகச் சொல்வார்கள். மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. விளக்குக்கான எம்.சி.பி. ஆறு அல்லது பத்து ஆம்பியருக்கு உரியது. மனிதர் உயிர் போக ஒரு ஆம்பியரில் சிறு பங்கே போதும். ஆளைக் காப்பாற்ற வேண்டுமானால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும். இதை நமக்குச் சொல்லக்கூடியவர் யார்? டி.பி. பாக்ஸைத் திறந்து பார்க்க நேரம் எடுத்துக்கொள்கிற எலக்ட்ரீஷியன்தான். அந்த நேரத்துக்குத்தான் நாம் காசு தர மறுக்கிறோம்.

“யூடியூப் பார்த்து நானே மாட்டிக்கொள்வேன்” என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹோல்டரில் பல்பை மாற்றுவது யாரும் செய்யக்கூடியது. சட்டமும் அதைத் தடுக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி, விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றுவதற்கு விலக்குக் கொடுத்தது. மற்ற ஒயரிங் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்றது. கூடுதல் இணைப்பும் மாற்றமும் பழுதுபார்ப்பும் இதில் வரும். பிறகு வந்த மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளும் இதே கோட்டைத்தான் வைத்திருக்கின்றன. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பும் வயர்மேன் படிப்பும் இரண்டிரண்டு வருடம். தமிழ்நாட்டில் மின்கம்பி உதவியாளருக்கே தனியாகத் தகுதிகாண் தேர்வு நடக்கிறது. ஒரு லைட் சர்க்யூட்டில் பத்து பாயிண்டுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ போகக் கூடாது என்பது போன்ற வரம்புகளைப் படித்துப் பழகியவர்கள் அவர்கள். இருக்கும் பாயிண்டிலிருந்து லூப் எடுத்து, பூஜை அறைக்கு ஒன்று, ஷோகேஸுக்கு ஒன்று, பால்கனிக்கு இரண்டு என்று இழுத்துக்கொண்டே போகிறவருக்கு இந்த வரம்பை யூடியூப் நினைவூட்டாது.

எடை வேறு இருக்கிறது. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் சரவிளக்கைத் தொங்கவிட ஆசைப்படுவார்கள். ஜிப்சம் பலகை அந்த எடையைத் தாங்காது. மேலே கான்கிரீட் தளம் வரை போய் ஆங்கர் அடித்து, அங்கிருந்து கம்பி இறக்கி மாட்ட வேண்டும். சாப்பாட்டு மேஜைக்கு நேர்மேலே தொங்கும் விளக்கு இது. இதற்கு இரண்டு ஆளும் அரை நாளும் ஆகும் என்றால் ஆகத்தான் செய்யும்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் செயலியில் இதைவிடக் குறைவாகப் போட்டிருக்கிறானே என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். அந்த விலை, பாயிண்ட் ஏற்கெனவே தயாராக இருக்கும் இடத்தில் வெறுமனே மாட்டிவிட்டுப் போவதற்கு. துளை போட, ஒயர் நீட்ட, பழசைக் கழற்ற என்று ஒவ்வொன்றும் தனி வரியாக ஏறும். வருகிறவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம் குறித்தாகிவிட்டது. நியூட்ரலைத் தேடிப் பார்க்க அவருக்கு அவகாசம் இல்லை. நாம் கொடுப்பதில் ஒரு பங்கு இடைத்தரகாகவும் போகிறது. அந்தக் குறைந்த விலையை அளவுகோலாக வைத்துத் தெருமுனை எலக்ட்ரீஷியனை நெருக்குவது, அவரையும் அதே அவசரத்துக்குத் தள்ளுவதுதான்.

எல்லா எலக்ட்ரீஷியனும் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்காமல், சான்று இல்லாமல், பிளக் பாயிண்டில் எர்த் இல்லாததை மறைக்க நியூட்ரலையே எர்த் பின்னோடு சேர்த்து முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் அறுந்த அன்றைக்கு வாஷிங் மெஷினின் இரும்பு உடம்பு முழுக்க ஃபேஸ் வந்து நிற்கும். இவர்கள் எப்படிப் பெருகினார்கள்? வேலை நன்றாகத் தெரிந்தவர் பெரிய கான்ட்ராக்டுக்குப் போகிறார், தொழிற்சாலைக்குப் போகிறார், துபாய்க்கும் கத்தாருக்கும் விமானம் ஏறுகிறார். வீட்டு வேலைக்கு வந்து நூறு ரூபாய்க்குப் பேச்சு வாங்க அவருக்கு என்ன தலையெழுத்து? குறைந்த கூலிக்கு யார் சம்மதிப்பாரோ அவரே நம் வாசலுக்கு வருகிறார். வந்தவரின் தரத்தைப் பார்த்து “இவனுக்கு இதுவே அதிகம்” என்கிறோம். இந்தச் சுழற்சியைத் தொடங்கி வைத்தது நம் பேரம்.

செலவு உண்மையிலேயே எங்கே ஏறுகிறது என்று கோபப்பட வேண்டுமானால், அதற்கு வேறு இடங்கள் உண்டு. டியூப் லைட் காலத்தில் ஸ்டார்ட்டர் போனால் ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றினோம். சோக் போனால் சோக். இன்று விற்கும் பாதி ஃபிட்டிங்குகள் ஒட்டி மூடியவை. உள்ளே மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்ன டிரைவர் போனால் முழு விளக்கையும் தூக்கிப் போட வேண்டும். திரும்ப ஏணி, திரும்பக் கூலி. டிரைவரைத் தனியாக மாற்றக்கூடிய ஃபிட்டிங்தான் வேண்டும் என்று கடையில் கேட்கிறவர்கள் எத்தனை பேர்? எல்.இ.டி. விளக்குக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. அதைப் பில்லோடு சேர்த்து மறுபேச்சில்லாமல் கட்டினோம். ஒரு ஹாலுக்கு இருபது டவுன்லைட் வேண்டும் என்று இன்டீரியர்காரர் வரைந்து காட்டியபோதும் தலையாட்டினோம். குளிரூட்டிய கடையில் பேசாத பேரத்தை வியர்வையோடு நிற்கிறவரிடம் பேசுகிறோம்.

பணம் மிச்சமாக வேண்டுமா, அதற்கு நேர்மையான வழி இருக்கிறது. ஆளை வரவழைக்கும் செலவுதான் பெரிது என்பதால், வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் முடியுங்கள். கூப்பிடும்போதே தளத்தின் உயரத்தையும் விளக்கின் படத்தையும் அனுப்பி, கூலியை முன்னாலேயே பேசிவிடுங்கள். பழைய காப்பர் சோக் டியூப் லைட் இன்னும் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஐம்பது வாட்டுக்கு மேல் இழுப்பதன் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. பட்டி மாட்டினால், தினம் ஆறு மணி நேரத்துக்கு ஆண்டுக்கு அறுபத்தைந்து யூனிட்டுக்கு மேல் குறையும். மாட்டும் கூலி அதிலேயே திரும்பி வரத் தொடங்கிவிடும். வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு லைட் பாயிண்டுக்கும் எர்த் ஒயர் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பூசுவதற்கு முன் பைப் ஓடும் சுவர்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து வருகிறவரின் பாதி நேரம் மிச்சமாகும், உங்கள் பணமும்தான்.

அடுத்த முறை எலக்ட்ரீஷியன் வரும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். “அண்ணே, இதுக்கு எர்த் இருக்கா? டி.பி.யில ஆர்.சி.சி.பி. இருக்கா?” இருக்கிறது என்றால் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் அதற்கு என்ன ஆகும் என்று கேட்டு, அதையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். பேசிய கூலியை அப்படியே கொடுங்கள்.